லிபரல், முற்போக்கு... ரெண்டும் ஒண்ணா? 1951-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம் சொல்லும் பதில்

டிவி விவாதமோ, ஃபேஸ்புக் கமென்ட்டோ, குடும்ப வாட்ஸ்அப் குரூப்போ... அரசியல் பேச்சு கொஞ்சம் சூடானால் போதும், இரண்டு வார்த்தைகள் வந்துவிடும். ஒன்று 'லிபரல்'. இன்னொன்று 'முற்போக்கு'. சிலர் இவற்றைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சிலர் திட்டுவதற்கே பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் இரு தரப்புமே, இரண்டு வார்த்தைக்கும் ஒரே அர்த்தம் என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள்.

ஆனால் அர்த்தம் ஒன்று கிடையாது. இந்த இரண்டு மதிப்பீடுகளும் நேருக்கு நேர் நின்ற ஒரு தருணம், அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்த அடுத்த ஆண்டே வந்துவிட்டது. அதற்குக் காரணமான முக்கியமான இரண்டு வழக்குகள் நம்ம மெட்ராஸ் மாகாணத்தில் இருந்து போனவை.

லிபரல் என்றால் யார், முற்போக்கு என்றால் என்ன, இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லிபரல்னா யாரு?

சிம்பிளா சொன்னால், ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக்குள் அதிகாரம் எதுவரை நுழையலாம் என்பதற்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும் என்று நினைப்பவர்தான் லிபரல். என்ன பேசுவது, எந்தச் சாமியைக் கும்பிடுவது அல்லது கும்பிடாமல் இருப்பது, யாரைக் கல்யாணம் செய்வது, என்ன தொழில் பார்ப்பது... இதெல்லாம் அந்த நபரின் முடிவு. இதில் அரசு தலையிட வேண்டும் என்றால், "ஏன் தலையிடுறோம்" என்று காரணம் சொல்ல வேண்டியது அரசுதான்.

இந்த மதிப்பீட்டில் அடிப்படையாக இருப்பவை:

- பேச்சுரிமை: நமக்குப் பிடித்த கருத்துக்கு மட்டும் இல்லை, எரிச்சலூட்டும் கருத்துக்கும் சேர்த்து.
- சட்டத்தின் முன் சமம்: அமைச்சர் மகனுக்கும் ஆட்டோ ஓட்டுநர் மகனுக்கும் ஒரே எஃப்ஐஆர் நடைமுறை.
- மத நம்பிக்கை தனிப்பட்ட உரிமை: நம்பவும், மறுக்கவும், மாறவும்.
- பெரும்பான்மைக்கும் ஒரு எல்லை: தேர்தலில் ஜெயித்துவிட்டதாலேயே தோற்றவர்களின் உரிமையைப் பறிக்க முடியாது.
- தட்டிக்கேட்க அமைப்புகள்: சுதந்திரமான நீதிமன்றம், சுதந்திரமான பத்திரிகை.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

அரசியல் முகாம் ஒன்றுக்கு 'லிபரல்' என்ற பெயர் வந்தது ஸ்பெயினில். 1812-ல் காடிஸ் நகரில் ஒரு அரசியல் சட்டம் உருவானபோது, மன்னரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசியவர்களை இப்படி அழைத்தார்கள். ஆனால் அந்தச் சிந்தனை அதற்கும் முந்தையது. மக்களின் உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றைப் பாதுகாக்கத்தான் அரசு இருக்கிறது, அதைச் செய்யாத அரசை மக்கள் மாற்றலாம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் இங்கிலாந்தின் ஜான் லாக்.

1859-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் ஓர் எளிய அளவுகோலைக் கொடுத்தார். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தீங்கு தரும் என்றால் மட்டுமே அவரைக் கட்டாயப்படுத்தித் தடுக்கலாம். "அவரோட நல்லதுக்குத்தான்" என்ற காரணம் மட்டும் போதாது.

கேட்க ஈஸியாக இருக்கிறது. ஆனால் ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலை என்னுடையது, ஹெல்மெட் போடுவதும் போடாததும் என் விருப்பம் என்று ஒருவர் சொல்லலாம். அவர் கீழே விழுந்தால் அவரை நம்பியிருக்கும் குடும்பம் என்ன ஆகும், அரசு மருத்துவமனையின் செலவு யாருடையது என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டு பேரும் லிபரலாகவே இருக்க முடியும். 'தீங்கு' எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சண்டை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். மில், கிழக்கிந்திய கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 30 ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தவர். தான் சொன்ன சுதந்திரம் 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே புத்தகத்திலேயே எழுதினார். அதாவது நமக்குப் பொருந்தாது! அதே மில்தான் 1867-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு பிரிட்டன் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து தோற்றவர். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன.

சரி, முற்போக்குன்னா?

முன் + போக்கு. பேரிலேயே விஷயம் இருக்கிறது. இன்று இருக்கும் சமூகம் நியாயமாக இல்லை, அது தானாக மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும் என்று நினைப்பது முற்போக்கு. தேவைப்பட்டால் அதற்கு அரசின் சட்டம், பணம், அதிகாரம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம் என்பது இந்தப் பார்வை.

தமிழில் இந்த வார்த்தை இலக்கியத்திலும் அரசியலிலும் ஊறிப்போனது. 1936-ல் லக்னோவில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர்கள் கூடியபோது, பிரேம்சந்த் தலைமை வகித்தார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் உருவானது. தேர்தல் கூட்டணிகளின் பெயரில்கூட 'முற்போக்கு' இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது வித்தியாசம் புரிந்திருக்கும். லிபரல் கேட்கும் முதல் கேள்வி: "அதிகாரத்தை எங்கே நிறுத்துறது?" முற்போக்காளர் கேட்கும் முதல் கேள்வி: "அதிகாரத்தை யாருக்காகப் பயன்படுத்துறது?"

இடதுசாரியும் லிபரலும் ஒண்ணா?

கிடையாது. இடது, வலது என்ற பேச்சு 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதில் இருந்து வந்தது. மன்னருக்கு ஆதரவானவர்கள் தலைவருக்கு வலப்பக்கம், மாற்றம் கேட்டவர்கள் இடப்பக்கம். அதன் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் வார்த்தைகள் வேறு வேறு பாதையில் போய்விட்டன.

- அமெரிக்கா: இங்கே 'லிபரல்' என்றால் கிட்டத்தட்ட முற்போக்காளர் என்றே அர்த்தம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அதிபர் ரூஸ்வெல்ட், 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் போன்ற நலத்திட்டங்களைக் கொண்டுவந்தார். அந்த அரசியலுக்கு 'லிபரல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.
- ஆஸ்திரேலியா: 1944-ல் உருவான லிபரல் கட்சி, அங்கே வலது பக்கம் இருக்கும் பிரதான கட்சி.
- ஜப்பான்: லிபரல் ஜனநாயகக் கட்சி என்று பெயர். ஆனால் அது பழமைவாதக் கட்சி.
- இந்தியா: 1991-ல் வந்த 'தாராளமயமாக்கல்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். அது தொழில், வணிகத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தன்னை லிபரல் என்று சொல்லும் பலர் இதைக் கடுமையாக எதிர்ப்பதும் உண்டு.

அதனால் வெளிநாட்டுச் செய்தியில் 'லிபரல்' என்று படித்தால், எந்த நாடு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே தலைவருக்கு எத்தனை லேபிள்?

ராஜாஜியையே எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் அரசிடம் பெர்மிட், லைசென்ஸ் வாங்க வேண்டிய நிலையை எதிர்த்து 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பொருளாதாரத்தில் இது சுத்தமான லிபரல் நிலைப்பாடு. ஆனால் 1937-ல் முதல்வராக சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் இவர்தான். ஒருவர் குடிக்கலாமா என்பதை அரசு முடிவு செய்வது லிபரல் பார்வைக்கு நேர் எதிர்.

1939-ல் ஆலய நுழைவுக்கு ஆதரவாகச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார். அது முற்போக்கு. 1953-ல் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்து எதிர்த்தது திராவிட இயக்கம். அந்தத் திட்டம் 1954-ல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. பிறகு 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வும் ஒரே கூட்டணி!

ஒரு மனிதரை ஒரே வார்த்தையில் அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எந்தப் பிரச்னையில், எந்தப் பக்கம் நின்றார் என்று தனித்தனியாகப் பார்ப்பதுதான் சரியான வழி.

மெட்ராஸில் இருந்து போன இரண்டு வழக்குகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வருகிறது. பேச்சுரிமை, சமத்துவம் எல்லாம் அடிப்படை உரிமைகள் ஆகின்றன.

வழக்கு 1: தடை செய்யப்பட்ட பத்திரிகை

பம்பாயில் இருந்து வெளிவந்த இடதுசாரிச் சார்புள்ள ஆங்கில வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்'. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். பொது அமைதியைக் காரணம் காட்டி, அந்த இதழ் மெட்ராஸ் மாகாணத்துக்குள் வரவே கூடாது என்று அரசு தடை போட்டது. தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26-ல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பு அனுமதித்த காரணங்களின் பட்டியலில், அப்போது 'பொது ஒழுங்கு' என்ற வார்த்தையே இல்லை.

இங்கே ஒரு சுவாரசியம். அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. டெல்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்புள்ள 'ஆர்கனைசர்' இதழை, அச்சிடும் முன் அதிகாரிகளிடம் காட்ட வேண்டும் என்று போட்ட உத்தரவும் ரத்தானது. இடது பத்திரிகையும் வலது பத்திரிகையும் ஒரே நாளில், ஒரே உரிமையால் ஜெயித்தன. லிபரல் மதிப்பீடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்த ஒரு நாளைச் சொன்னால் போதும்.

வழக்கு 2: வகுப்புவாரி உத்தரவு

நீதிக்கட்சிக் காலத்தில் வேரூன்றிய கம்யூனல் ஜி.ஓ. இது. அந்த வழக்கு நடந்த சமயத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் இப்படிப் பிரிக்கப்பட்டன:

- பிராமணர் அல்லாத இந்துக்கள்: 6
- பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்: 2
- பிராமணர்கள்: 2
- 'ஹரிஜன்' என்று அன்று குறிப்பிடப்பட்ட பட்டியல் சாதியினர்: 2
- ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்: 1
- முஸ்லிம்கள்: 1

மதம், சாதி காரணமாக மட்டுமே ஒரு குடிமகனுக்குக் கல்லூரி இடம் மறுக்கக் கூடாது என்கிறதே அரசியலமைப்பு என்று கேட்டு, செண்பகம் துரைராஜன் வழக்கு போட்டார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவை ரத்து செய்தது.

ஒவ்வொரு நபரையும் தனி நபராக மட்டுமே பார்த்தால் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் புரியும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத வீட்டுப் பிள்ளையும், பல தலைமுறை படித்த வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடுவது சமமா? இது முற்போக்குத் தரப்பின் கேள்வி. தமிழகத்தில் பெரியாரும் திராவிட இயக்கமும் பெரிய போராட்டத்தில் இறங்கினார்கள்.

அடுத்து நடந்ததுதான் ட்விஸ்ட்

நேரு அரசு முதலாவது அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1951 ஜூன் 18-ல் அது சட்டமானது. அந்த ஒரே திருத்தத்தில் இருந்தவற்றில் இரண்டை மட்டும் பாருங்கள்:

1. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம். இதுதான் 15(4). இன்று கல்லூரிச் சேர்க்கையில் இருக்கும் இடஒதுக்கீட்டுக்கு அடித்தளம்.

2. 'பொது ஒழுங்கு', 'குற்றம் செய்யத் தூண்டுதல்', 'அயல்நாடுகளுடனான நட்புறவு' ஆகிய காரணங்களுக்காகவும் பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். கிராஸ் ரோட்ஸ் வழக்கில் தோற்ற அரசு, தன் கையை மறுபடி பலப்படுத்திக்கொண்டது.

ஒரே திருத்தம். முதல் பகுதி, லட்சக்கணக்கான குடும்பங்களின் முதல் பட்டதாரிக்குக் கதவைத் திறந்தது. இரண்டாவது பகுதி, எழுதுபவர், பேசுபவர் மீது அரசு கை வைக்க வழியை அகலமாக்கியது. அன்று நாடாளுமன்றத்தில் பேச்சுரிமைக் கட்டுப்பாட்டைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் சியாமா பிரசாத் முகர்ஜி. பின்னாளில் பாரதிய ஜனசங்கத்தைத் தொடங்கியவர்.

இந்தத் திருத்தம் முற்போக்கானதா, லிபரல் விரோதமா? இரண்டும்தான். 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று சொல்பவர்கள் தடுமாறும் இடம் இது.

பிடிக்காத படத்துக்கு உரிமை உண்டா?

இதே மோதல் 1980-களில் தியேட்டருக்கும் வந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்தது. தமிழகத்தில் இது எவ்வளவு உணர்வுபூர்வமான விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. கடும் எதிர்ப்பு. படத்துக்குக் கொடுத்த தணிக்கைச் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்பது மாநில அரசுத் தரப்பின் வாதம்.

1989 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. யாரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காகக் கருத்தை முடக்க முடியாது, மிரட்டலைத் தடுத்து உரிமையைக் காப்பாற்றுவதுதான் அரசின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். படம் சொன்ன கருத்து சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதைச் சொல்ல உரிமை உண்டு என்று மட்டும்தான் அர்த்தம்.

2016 ஜூலை 5-ல் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த நிலையும் இதற்குப் பக்கத்தில்தான். பிடிக்காவிட்டால் படிக்காமல் இருக்கலாம், எழுத்தாளரை மிரட்டி எழுத்தை நிறுத்த முடியாது.

மாதொருபாகனுக்காகக் குரல் கொடுத்த பலருக்கு 'ஒரே ஒரு கிராமத்திலே' பிடிக்காது. அந்தப் படத்துக்கு உரிமை கேட்டவர்களில் பலருக்கு மாதொருபாகன் பிடிக்காது. இரண்டுக்கும் உரிமை உண்டு என்பவர்தான் லிபரல். இதைச் சொல்வது சுலபம். நம் தரப்பைத் தாக்கும் படம் ரிலீஸாகும் வாரத்தில் சொல்வதுதான் கஷ்டம்.

அரசு மட்டும்தான் அதிகாரமா? ஊர்?

ஐரோப்பாவில் லிபரல்கள் பயந்தது மன்னரையும் திருச்சபையையும். நம் ஊரில் ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யும் அதிகாரம் கோட்டையில் மட்டும் இல்லை. ஊர்க் கட்டுப்பாடு, சாதிப் பஞ்சாயத்து, குடும்ப கௌரவம்... இவையும் அதிகாரம்தான். டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொன்னது எந்த அரசாணையும் இல்லையே!

அதனால்தான் அரசியலமைப்பின் 17-வது பிரிவு வித்தியாசமானது. பெரும்பாலான அடிப்படை உரிமைகள் அரசைப் பார்த்து "செய்யாதே" என்கின்றன. தீண்டாமையை ஒழிக்கும் இந்தப் பிரிவு, பக்கத்து வீட்டுக்காரரையும் டீக்கடைக்காரரையும் பார்த்தே அதைச் சொல்கிறது. இங்கே லிபரலுக்கும் முற்போக்காளருக்கும் சண்டை வர வேண்டிய அவசியமே இல்லை. தனிமனிதரைக் காப்பாற்றணும்னா, சமூகத்தின் கையைப் பிடித்தாக வேண்டும்.

1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான். அரசியலில் எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள ஒரு வாக்கு, சமூக, பொருளாதார வாழ்க்கையில் மட்டும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு நாம் நெடுநாள் போக முடியாது என்றார்.

தமிழகத்தில் இந்த இரண்டு மதிப்பீடும் கைகோத்த ஒரு உதாரணம், சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற சிக்கல் இருந்தது. 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம், உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ நடக்கும் திருமணம் செல்லும் என்றது. முன்பே நடந்த திருமணங்களுக்கும் அங்கீகாரம் கொடுத்தது. சடங்கு வேண்டும் என்பவரின் உரிமையை அது பறிக்கவில்லை. வேண்டாம் என்பவருக்கும் ஒரு வழி கொடுத்தது.

பாதிக்கப்பட்டவங்களே 'வேண்டாம்'னு சொன்னா?

முற்போக்குக்கும் ஒரு கஷ்டமான கேள்வி இருக்கிறது. மெட்ராஸ் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1920-களின் இறுதியில் தேவதாசி முறைக்கு எதிராகக் களமிறங்கினார். அந்த முறைக்குள் இருந்து வெளிவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார். ஆனால் தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர், தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர்.

சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதை இன்று யாரும் தவறு என்று சொல்வதில்லை. ஆனாலும் "உங்க நல்லதுக்குத்தான்" என்று ஒரு சட்டம் வரும்போது, சம்பந்தப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்க வேண்டும் என்பது லிபரல் தரப்பு விடாமல் நினைவூட்டும் விஷயம்.

வீட்டுக்குள்ள வரும்போது என்ன ஆகுது?

மேடையில் முற்போக்கு பேசுவது ஒன்று, வீட்டில் அதைக் கடைப்பிடிப்பது வேறொன்று. இதற்குப் பெண்களின் சொத்துரிமையின் டைம்லைன் போதும்:

- 1929: செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம்.
- 1989: தமிழகத்தில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தரும் சட்டத் திருத்தம். ஆனால் அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்குப் பொருந்தாது.
- 2005: நாடு முழுவதும் மகள்களுக்குச் சம உரிமை. திருமணம் ஒரு தடை இல்லை.
- 2020: 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

தீர்மானத்தில் இருந்து மாநிலச் சட்டத்துக்கு வரவே 60 ஆண்டுகள். சட்டம் வந்த பிறகு? பல வீடுகளில் "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்று சொல்லி, அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. கையெழுத்து போடாவிட்டால் பிறந்த வீட்டு உறவே போய்விடும் என்ற பயத்தில் போடுபவர்கள் உண்டு. சட்டப்படி அது அவர் விருப்பம். உண்மையில் அது விருப்பமா?

திருமணத்திலும் இதே கதைதான். வயதுவந்த இருவர் விரும்பி மணக்க, குடும்பமோ சமூகமோ சம்மதம் தரத் தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதன் பிறகும் சாதி மாறிக் காதலித்ததற்காகக் கொலை நடந்த செய்திகளை நாம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், நீங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

தெரியாததைத் தெரிஞ்சுக்கறதும் இதில் சேர்த்தியா?

ஆமாம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தன்பாலின இணையர் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணரிடம் போய் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜூன் 7-ல் வெளியான உத்தரவில், பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார்.

பிறக்கும்போதே யாரும் முற்போக்காளர் கிடையாது. வளர்ந்த சூழல் கொடுத்ததை மறுபடி பரிசோதிக்கத் தயாராக இருப்பதும் இந்த மதிப்பீட்டின் ஒரு பகுதி.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?

இந்த மதிப்பீடுகள் மீது நியாயமான விமர்சனங்களும் இருக்கின்றன.

- பழமைவாதத் தரப்பு: மரபு என்பது பல தலைமுறை அனுபவத்தின் சேமிப்பு. அவசரப்பட்டு உடைத்தால், அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? தனிமனிதர், தனிமனிதர் என்றே பேசினால், வயதான அப்பா அம்மாவை யார் பார்ப்பது?
- இடதுசாரித் தரப்பு: வயிறு காய்ந்தவருக்குப் பேச்சுரிமை என்ன செய்யும்? சொத்துள்ளவருக்குத்தான் லிபரல் சுதந்திரம் முழுசாகக் கிடைக்கிறது.
- தலித் அரசியல் தரப்பு: முற்போக்கு பேசும் இயக்கங்களின் தலைமைப் பொறுப்புகளில் யார் இருக்கிறார்கள்? மாற்றம் எங்களுக்காக நடக்கிறதா, எங்களை வைத்து நடக்கிறதா?

எதிர்த்தரப்பின் கேள்வியைக் கேட்டு, பதில் சொல்வதும் லிபரல் பண்புதான். பதிலுக்குப் பதில் 'பிளாக்' செய்வது சுலபம், ஆனால் அது எந்த மதிப்பீட்டிலும் வராது.

நீங்க எந்தப் பக்கம்? 5 கேள்விகள்

இது மார்க் போடும் டெஸ்ட் இல்லை. உங்களுக்கு நீங்களே கேட்டுப் பார்க்கலாம்:

1. உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் ஆதரவாளர் ஒருவர், ஒரு போஸ்ட்டுக்காகக் கைதானால் உங்கள் முதல் எண்ணம் என்ன?
2. உங்கள் கட்சி ஆட்சியில் அதே கைது நடந்தால்?
3. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு மாணவருக்குக் கூடுதல் வாய்ப்பு கொடுப்பது, உங்களுக்கு அநீதியாகத் தெரிகிறதா, நியாயமாகத் தெரிகிறதா? ஏன்?
4. உங்கள் வீட்டுச் சொத்தில் அக்கா, தங்கையின் பங்கு பற்றி வீட்டில் யாராவது பேசியிருக்கிறார்களா?
5. கடைசியாக எந்த விஷயத்தில் உங்கள் கருத்தை மாற்றிக்கொண்டீர்கள்?

முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வந்தால், உங்களிடம் லிபரல் மதிப்பீடு இருக்கிறது. மூன்றாவதில் எந்தப் பக்கம் நின்றாலும், காரணத்தோடு பேச முடிந்தால் நல்லது. 75 ஆண்டுகளுக்கு முன் மெட்ராஸில் தொடங்கிய விவாதம் அது, இன்னும் ஓயவில்லை. நான்காவது கேள்வியை மட்டும் கமென்ட்டில் எழுத வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.